வாட்சில் விஓ2 மேக்ஸ் 35-லிருந்து 31 ஆகிவிட்டது. நடக்க நடக்கக் குறையுமா?

கோட்டைவாசி | மே 17, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 48, எடை 78 கிலோ. சர்க்கரை இல்லை, பிபி எல்லைக்கோட்டில் நிற்கிறது, மாத்திரை இன்னும் ஆரம்பிக்கவில்லை. பொங்கலுக்கு மகன் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் வேலூர்க் கோட்டை அகழியை ஒட்டி ஐந்து கிலோமீட்டர் வேக நடை. பிப்ரவரியில் வாட்ச் "விஓ2 மேக்ஸ் 35" என்றது. இப்போது 31 என்கிறது, பக்கத்தில் சிவப்புக் கோடு வேறு. எடை ஏறவில்லை, வேகமும் குறையவில்லை.

இணையத்தில் தேடினால் "இந்த எண் குறைந்தால் ஆயுள் குறையும்" என்று பயமுறுத்துகிறார்கள். மூன்று நாளாகச் சரியாகத் தூக்கமில்லை. இது உண்மையில் எதை அளக்கிறது? நான் டாக்டரிடம் ஓட வேண்டுமா?

மக்கன்பேடா | மே 17, இரவு 10:05

ஓடினால் எண் ஏறும், ஓடுங்கள் அண்ணா :)

சும்மா சொன்னேன். என் வாட்ச் எனக்கு 43 என்கிறது. எடை 92 கிலோ, பிறந்தது ஆற்காடு, என் பெயரே எங்கள் ஊர் இனிப்பு, பார்த்தாலே என் சாப்பாடு தெரிந்துவிடும். நான் 43, தினமும் நடக்கிற நீங்கள் 31 என்றால் அந்த வாட்ச் எவ்வளவு பெரிய புளுகன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கழற்றி வைத்துவிட்டுத் தூங்குங்கள்.

பிடி வாத்தியார் | மே 18, காலை 5:50

கோட்டைவாசி சார், பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிள்ளைகளை ஓடவிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. வாட்ச் அதை அளக்கவில்லை, யூகிக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

உடம்பு தன் முழு மூச்சோடு உழைக்கும்போது, ஒரு நிமிடத்தில், ஒரு கிலோ எடைக்கு எத்தனை மில்லி ஆக்சிஜனை எடுத்துச் செலவழிக்க முடியும் என்பதுதான் விஓ2 மேக்ஸ். உச்ச ஆக்சிஜன் ஏற்பு என்று சொல்லலாம். உள்ளே இழுக்கும் காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன், வெளியே விடும் காற்றில் 16, 17 சதவீதம். இடையில் காணாமல் போனதுதான் உடம்பு எடுத்துக்கொண்டது. முகத்தில் மாஸ்க் மாட்டி, இரண்டு பக்கக் காற்றையும் அளந்தால் உண்மையான எண் கிடைக்கும்.

ஏ.வி. ஹில் என்ற இங்கிலாந்துக்காரர் (1922-க்கான நோபல் பரிசு பெற்றவர்) முதுகில் காற்றுப்பை கட்டிக்கொண்டு தானே புல்தரையில் சுற்றிச் சுற்றி ஓடினார். 1923-இல் அவரும் லப்டனும் எழுதியதன் சாரம் இதுதான்: ஓடும் வேகத்தைக் கூட்டக் கூட்ட ஆக்சிஜன் செலவு ஏறிக்கொண்டே போகும், ஓர் இடத்துக்கு மேல் ஏறாது. அந்த இடத்துக்குத்தான் மேக்ஸ் என்று பெயர்.

மாஸ்க் இல்லாதவர்களுக்கு 1968-இல் கென்னத் கூப்பர் ஒரு வழி சொன்னார். 12 நிமிடம் முடிந்த மட்டும் ஓடு, தூரத்தை அள. 2,400 மீட்டர் ஓடினால் சுமார் 42, 2,000 என்றால் 33. நேதாஜி ஸ்டேடியத்தில் என் பையன்களை இப்படித்தான் அளந்தேன். ஆனால் 48 வயதில், பிபி எல்லைக்கோட்டில் இருக்கும்போது, டாக்டரைக் கேட்காமல் அந்தச் சோதனையில் இறங்காதீர்கள்.

ராணுவப்பேட்டை | மே 18, காலை 7:15

எங்கள் கம்மவான்பேட்டையில் விடியற்காலை நாலு மணிக்கே பையன்கள் ரோட்டில் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். அக்னிவீர் தேர்வில் 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு மார்க். அது எத்தனை மில்லி என்று எவனும் கேட்டதில்லை. வாத்தியார் ஐயா, ஒரு ஆர்வத்துக்குக் கேட்கிறேன், அந்த ஓட்டம் எந்த எண்ணில் வரும்?

பிடி வாத்தியார் | மே 18, காலை 7:40

சமதரை ஓட்டத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு. நிமிடத்துக்கு எத்தனை மீட்டரோ அதை 0.2-ஆல் பெருக்கி 3.5 கூட்ட வேண்டும். உங்கள் பையன்கள் நிமிடத்துக்கு 291 மீட்டர் ஓடுகிறார்கள், அப்படியானால் 61-க்கு மேல் வரும். ஆனால் ஐந்தரை நிமிட ஓட்டத்தை முழுக்க ஆக்சிஜனில் ஓட முடியாது. கொஞ்சம் கடன் வாங்கித்தான் ஓடுகிறான். முடித்ததும் முட்டியில் கை வைத்து மூச்சு வாங்குவது அந்தக் கடனை அடைக்கத்தான். ஆகவே உண்மை எண் 61-ஐ விடக் கீழே இருக்கும். போலீஸ் தேர்வின் 1,500 மீட்டர், 7 நிமிடம் இதே கணக்கில் 46 வரும்.

முள்ளுகத்தரி | மே 18, மதியம் 1:20

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். ஒரு ஆஸ்பத்திரியில் டிஎம்டி (டிரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்க்கும் சோதனை) அறையில் பதினோரு வருடமாக வேலை. தினமும் பத்துப் பேரையாவது டிரெட்மில்லில் ஏற்றி இறக்குகிறேன்.

வாத்தியார் சொன்னதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்பதை நம் ஊர்ப் பாணியில் சொல்கிறேன். ஏரி, பம்புசெட், வாய்க்கால், வயல். நுரையீரல் ஏரி. இதயம் மோட்டார். ரத்தம் வாய்க்காலில் ஓடும் தண்ணீர். தசை வயல். ஆரோக்கியமானவருக்கு ஏரி வற்றுவதே இல்லை, "எனக்கு மூச்சு வாங்குகிறது, அப்போ நுரையீரல் வீக்" என்பது பெரும்பாலும் தப்பு. தகராறு பெரும்பாலும் மோட்டாரில்தான், அது எத்தனை எச்பி என்பதில்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தம் தள்ளும். ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் உடம்பு 50 மில்லி ஆக்சிஜனை எடுக்கும். மொத்தம் 250 மில்லி, 70 கிலோ ஆளுக்குக் கிலோவுக்கு 3.5. இதைத்தான் டிஎம்டி ரிப்போர்ட்டில் "ஒரு மெட்" என்று போடுகிறோம்.

இப்போது கோட்டைவாசி சாரை எடுத்துக்கொள்வோம். 48 வயதில் உச்ச நாடி சுமார் 172 (220-இல் வயதைக் கழித்தால் வருவது, ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு தள்ளிப்போகும்). ஒரு துடிப்புக்கு 100 மில்லி தள்ளுகிறது என்று வைத்தால் நிமிடத்துக்கு 17.2 லிட்டர். உச்ச உழைப்பில் ஒரு லிட்டரிலிருந்து தசை 140 மில்லி வரை பிடுங்கிக்கொள்ளும். பெருக்கினால் 2,408 மில்லி. 78-ஆல் வகுத்தால் 31! வாட்ச் சொன்னதும் 31. ஆனால் இதில் நான் போட்ட 100-உம் 140-உம் யூகம்தான். 110 என்று போட்டிருந்தால் 34 வந்திருக்கும். வாட்ச் செய்வதும் இதே மாதிரி வேலைதான்: உங்கள் வேகத்தையும் நாடியையும் பார்த்து, "இந்த வேகத்துக்கு இத்தனை நாடி என்றால் உச்சத்தில் இவ்வளவு இருக்கும்" என்று கோடு நீட்டிப் பார்க்கிறது.

இரண்டு கேள்வி சார். பிப்ரவரியில் எத்தனை மணிக்கு நடந்தீர்கள், இப்போது எத்தனை மணிக்கு? இதற்கு முன் டிஎம்டி எடுத்திருக்கிறீர்களா?

மக்கன்பேடா, உங்களுக்கு ஒரு கேள்விதான். பிபி மாத்திரை என்ன சாப்பிடுகிறீர்கள்?

கோட்டைவாசி | மே 18, இரவு 8:30

மேடம், எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! மார்ச் வரை விடிகாலை ஐந்தரை. ஏப்ரலில் இருந்து எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் விடிகாலையில்தான் வருகிறது. குடம் பிடிப்பது என் வேலை. அதனால் நடையை மாலை ஐந்தரைக்கு மாற்றிவிட்டேன்.

டிஎம்டி இரண்டு வருடத்துக்கு முன் எடுத்தது, ஃபைலைத் தேடி எடுத்தேன். "புரூஸ் புரோட்டோகால், 9 நிமிடம் 4 விநாடி, 10.1 மெட்ஸ், நெகட்டிவ்". நெகட்டிவ் என்றதும் வீட்டில் ஒரு நிமிடம் பயந்துவிட்டார்கள், அது நல்லது என்று அப்புறம்தான் தெரிந்தது.

மக்கன்பேடா | மே 18, இரவு 8:52

மெட்டோப்ரோலால். ஒரு வருடமாக. ஏன் மேடம், பயமுறுத்தாதீர்கள்.

முள்ளுகத்தரி | மே 18, இரவு 10:10

பயமே வேண்டாம், ஆனால் உங்கள் 43 போயிற்று :)

மெட்டோப்ரோலால் பீட்டா பிளாக்கர் வகை. நாடியை அடக்கி வைப்பதுதான் அதன் வேலை. மற்றவருக்கு 125 ஓடும் வேகத்தில் உங்களுக்கு 100 ஓடும். மாத்திரை விஷயம் வாட்சுக்கு எப்படித் தெரியும்? "அடடா, இவ்வளவு வேகத்தில் நடந்தும் நாடி 100தானா, பெரிய விளையாட்டு வீரர் போல" என்று மார்க் போட்டுவிட்டது. அதற்காக மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

கோட்டைவாசி சாருக்கு நடந்தது இதற்கு நேர் எதிர். மே மாதம் மாலை ஐந்தரை மணிக்கு, கத்திரி வெயிலில் நாள் முழுக்கச் சூடேறிய கோட்டைக் கருங்கல் பக்கத்தில் நடக்கிறீர்கள். உடம்பைக் குளிரவைக்க ரத்தத்தின் ஒரு பங்கு தோலுக்குப் போகிறது. வியர்வையில் தண்ணீர் போவதால் ரத்தத்தின் அளவே குறைகிறது. ஒரு துடிப்புக்குத் தள்ளும் அளவு குறைய, அதை ஈடுகட்ட நாடி ஏறுகிறது. அதே வேகம், பிப்ரவரியில் 118, இப்போது 132 என்று இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். வாட்ச் அதை "ஆள் தளர்ந்துவிட்டார்" என்று படிக்கிறது. தளர்ந்தது நீங்கள் இல்லை, வேலூர் வெயில்.

இன்னொன்று, 10.1 மெட்ஸை 3.5-ஆல் பெருக்குங்கள், 35 வரும். இரண்டு வருடத்துக்கு முன் உங்கள் நிலை ஏறத்தாழ அதுதான். அதுவும் கணக்குதான், மாஸ்க் போட்டு அளந்ததல்ல. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்திருந்தால் ரிப்போர்ட்டில் கூடுதலாகவே வந்திருக்கும். நாங்கள் "பிடிக்காதீங்க சார்" என்று கத்திக்கொண்டேதான் இருப்போம், யார் கேட்கிறார்கள்.

கோட்டைவாசி | மே 19, காலை 6:20

பார்த்தேன். பிப்ரவரி சராசரி 116, இந்த வாரம் 131. மேடம், நேற்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ரைட் போலாம் | மே 19, மாலை 4:45

வேலூர் – திருப்பத்தூர் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு ஒரு சந்தேகம். ஓட்டப்பந்தயக்காரனுக்கு இந்த எண் தேவை, சரி. எங்களைப் போன்ற ஆட்களுக்கு எதற்கு? ஆரோக்கியத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

பிடி வாத்தியார் | மே 19, மாலை 6:30

கண்டக்டர் சார், நீங்களே கேட்டது பொருத்தம். இந்த ஆராய்ச்சியே உங்கள் ஆட்களிடமிருந்துதான் ஆரம்பித்தது. லண்டனில் ஜெரமி மோரிஸ் என்ற டாக்டர் இரட்டை மாடி பஸ் ஊழியர்களைக் கணக்கெடுத்து 1953-இல் எழுதினார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கிய கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு.

ரைட் போலாம் | மே 19, மாலை 6:41

பார்த்தீர்களா! நம்ம பஸ்ஸில் மாடி இல்லை, ஆனால் முகூர்த்த நாள் கூட்டத்தில் முன்படியிலிருந்து பின்படிக்குப் போவது அதைவிடக் கஷ்டம். என் டிரைவர் நண்பனுக்கு இதை அனுப்புகிறேன்.

முள்ளுகத்தரி | மே 19, இரவு 9:15

அனுப்பும் முன் மீதிக் கதையையும் கேளுங்கள். அதே மோரிஸ் 1956-இல் அவர்களுடைய யூனிஃபார்ம் அளவுகளை எடுத்துப் பார்த்தார். டிரைவர்களின் கால்சட்டை இடுப்பு வேலைக்குச் சேரும்போதே பெரிதாக இருந்திருக்கிறது. அப்படியானால் வேலையால் நோயா, முன்பே வேறுபாடு இருந்ததா? தன் முடிவைத் தானே சந்தேகித்துச் சோதித்தார் பாருங்கள், அதற்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இப்போதைய பெரிய ஆதாரம் 2018-இல் வந்தது. அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் டிரெட்மில் ஏறிய 1,22,007 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்தார்கள். உடல்தகுதி மிகக் குறைந்தவர்களின் இறப்பு அபாயம், புகைப்பவர்கள், சர்க்கரைக்காரர்களின் அபாயத்துக்குக் குறையாமல் இருந்தது. ஏற்கெனவே நோய் இருப்பவரால் வேகமாக ஏற முடியாது என்பதால் எல்லாவற்றையும் எண்ணின் தலையில் கட்ட முடியாது. ஆனால் எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, கடைசி பெஞ்சிலிருந்து அதற்கு முந்தின பெஞ்சுக்கு வருவதிலேயே பெரிய லாபம் இருக்கிறது. முதல் பெஞ்சுக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்க இதயச் சங்கம் 2016-லேயே இதை நாடி, பிபி போல ஒவ்வொரு நோயாளிக்கும் பார்க்க வேண்டியது என்று சொல்லிவிட்டது. நம் ஊர் ஓபி சீட்டில் அதற்கு இன்னும் கட்டம் வரவில்லை.

வாலாஜா மருமகள் | மே 20, காலை 11:05

வாசித்துக்கொண்டே இருக்கிறேன், எழுதுவது முதல் தடவை. வயது 34, எடை 52 கிலோ. ஒல்லிதான். ஆனால் ரத்தினகிரி படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன். மாமியார் என்னைத் தாண்டிப் போகிறார். வீட்டில் எல்லோரும் "உடற்பயிற்சி போதாது" என்கிறார்கள். நடக்கத்தான் செய்கிறேன்.

முள்ளுகத்தரி | மே 20, மதியம் 1:10

அம்மா, நடையைக் கூட்டும் முன் ஹீமோகுளோபின் பாருங்கள். அது வாய்க்கால் தண்ணீர் விஷயம். ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மில்லி ஆக்சிஜன் சுமக்கும். 100 மில்லி ரத்தத்துக்கு 14 கிராம் உள்ளவரின் ஒரு லிட்டர் ரத்தத்தில் 188 மில்லி, 9 கிராம் என்றால் 120தான். மோட்டார் எவ்வளவு நன்றாக ஓடினாலும் வயலுக்கு மூன்றில் இரண்டு பங்கு நனைப்புதான். இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இதில் சோம்பேறித்தனம் எங்கே வந்தது.

வாலாஜா மருமகள் | மே 23, மாலை 5:30

8.9 மேடம். இரும்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மாமியாரையும் கூட்டிப்போனேன். அவர் 12.1.

மக்கன்பேடா | மே 23, இரவு 9:20

என் 43 போனது போகட்டும், ஏற்றுவதற்கு வழி சொல்லுங்கள். நெட்டில் எல்லோரும் நார்வேக்காரர்களின் 4×4 என்கிறார்கள். நாலு நிமிடம் முக்கால் உயிர் போகிற வேகம், மூன்று நிமிடம் மெதுவாக, இப்படி நாலு தடவை. நாளைக்கே ஆரம்பிக்கட்டுமா?

பிடி வாத்தியார் | மே 24, காலை 5:45

வேண்டாம். அந்த முறை வேலை செய்யும், மறுக்கவில்லை. உச்ச நாடியின் 90–95 சதவீதத்தில் நாலு நிமிடம் என்பது அதன் அடிப்படை. மாத்திரையால் அடக்கிய நாடியை வைத்து அந்த 90-ஐ எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? 92 கிலோவை மே மாதத்தில் அப்படி ஓடவிட்டால் முதலில் முட்டி போகும். இரண்டு மாதம் வாரத்துக்கு ஐந்து நாள், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில் நடங்கள். எடை ஐந்து கிலோ இறங்கினாலே வகுக்கும் எண் குறைந்து விடை தானாக ஏறும். அப்புறம் டாக்டரைக் கேட்டு, பாலமதி மலை ரோட்டில் கொஞ்ச தூரம் வேகமாக ஏறுவது, மெதுவாக இறங்குவது.

ஒன்று மட்டும் சொல்கிறேன், படுத்துவிடாதீர்கள். 1966-இல் அமெரிக்காவின் டல்லஸில் ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். எல்லோரும் இருபது வயதுப் பிள்ளைகள். அவர்களின் விஓ2 மேக்ஸ் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரை ஐம்பது வயதில் தேடிப்பிடித்து அளந்தார்கள். முப்பது வருட முதுமை செய்த சேதம், அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவு! ஆறு மாதப் பயிற்சியில் இருபது வயதில் பயிற்சிக்கு முன் இருந்த அளவுக்கே திரும்பி வந்தார்கள். டெங்குவில் படுத்து எழுந்தவர்கள் மாடிப்படியில் திணறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஐந்து பேர் நினைவுதான்.

வாட்ச் இல்லாதவர்களுக்குச் சோளிங்கர் பெரிய மலை இருக்கிறது. 1,305 படி, சுமார் 750 அடி, அதாவது 228 மீட்டர். நிமிடத்துக்கு ஏறும் ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் கிலோவுக்கு 1.8 மில்லி, அதோடு 3.5. முப்பது நிமிடத்தில் ஏறினால் 17, இருபது நிமிடத்தில் 24, பதினைந்தில் 31. இது உங்கள் உச்சம் இல்லை, அந்த ஏற்றத்துக்கு ஆன செலவு. ஆனால் படி மாறாது. கார்த்திகையில் ஒரு முறை, பங்குனியில் ஒரு முறை என்று விடியற்காலையில் ஏறி நேரத்தைக் குறித்துவைத்தால் போதும். ரோப் கார் வந்துவிட்டதே என்பவர்களுக்கு என்னிடம் கணக்கு இல்லை.

ராணுவப்பேட்டை | மே 24, காலை 6:10

இறங்கும்போது ரோப் காரில் வரலாமா ஐயா? முட்டி.

பிடி வாத்தியார் | மே 24, காலை 6:12

தாராளமாக.

கோட்டைவாசி | டிசம்பர் 8, இரவு 7:50

பழைய இழையை எழுப்புகிறேன், மன்னிக்கவும். அக்டோபரில் இருந்து மறுபடி விடிகாலை நடைதான். வாட்ச் 36 என்கிறது. ஜூலையில் ஏலகிரிக்குப் போனபோதே பதினாலு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே, குளிரில் இரண்டு நாள் நடந்ததற்கு 33-க்குத் தாவியது. அப்போதே முள்ளுகத்தரி மேடத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

நேற்று கார்த்திகை ஞாயிறு, சோளிங்கர் போனோம். அம்மாவை ரோப் காரில் ஏற்றிவிட்டு நான் படியில். மூன்று இடத்தில் நின்றேன், ஒரு இடத்தில் குரங்கு தேங்காய்ப் பையைப் பிடுங்கிக்கொண்டது, அந்தச் சண்டையையும் சேர்த்து 29 நிமிடம். வாத்தியார் கணக்கில் 17-க்கும் 18-க்கும் நடுவில். நாடி 150-ஐத் தாண்டவில்லை.

பாதி வழியில் தலையில் துளசி மாலைக் கூடையோடு ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போனார். அறுபதுக்குக் குறையாது. அடுத்த மண்டபத்தில் கூடையை இறக்காமலே நின்று, நான் வந்து சேர்ந்ததும் "மணி இன்னா ஆவுது நைனா?" என்று கேட்டார். வாட்சைப் பார்த்தேன். ஏழு பத்து என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது, மூச்சு வாங்கியது.